ஹல் ஹாரூப்பின் வலது கடிகாரம்

ஒரு நாட்டின் பெருமை அதன் பரப்பளவில் இல்லை. அந்தப் பரப்பளவு எவ்வளவு என்பதை எத்தனை பேர் கூடி முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மால்ட்டாவை மிஞ்சும் நாடு பூமியில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. காலையில் காரை எடுத்தால் காபி ஆறுவதற்குள் நாடு முடிந்துவிடும். ஆனால் அந்த நாட்டைப் பற்றிய 'அடிப்படைத் தகவல்களை' ஒரே பக்கத்தில் எழுதுவதற்கென்று தலைநகர் வல்லெட்டாவில், கடல் தெரியும் மாடியில், ஓர் ஆணையம் உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் அடிப்படைத் தகவல் ஆணையம். அது எழுதப்போகும் பக்கத்தின் பெயர் 'நம் நாடு: ஒரே பக்கத்தில்'.

ஆணையத்தில் இரண்டு கட்சிகளுக்கும் சமமான இடம். ஆகவே எந்தத் தகவலாக இருந்தாலும் இரண்டு கட்சிகளும் ஒப்புக்கொண்டால்தான் அது தகவல்; இல்லாவிட்டால் வதந்தி. தீவுகள் எத்தனை என்ற வரிக்கே ஒரு வசந்தகாலம் முழுவதும் போயிற்று. ஃபில்ஃப்லா என்று தெற்கே கடலில் ஒரு பாறை இருக்கிறது. ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கடற்படை பீரங்கி சுட்டுப் பழகிய பாறை. பல்லிகளும் பறவைகளும் தவிர ஒருவரும் குடியில்லை. அது தீவு என்றது ஒரு கட்சி. பாறை என்றது மற்றக் கட்சி. கடைசியில் 'தீவுகள்: மூன்று, நான்காவதைப் பற்றிப் பேச்சு நடக்கிறது' என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் ஆறுகள், மலைகள், பனிப்பொழிவு ஆகிய மூன்று வரிகளும் ஒரே காலையில் நிறைவேறின. மூன்றுக்கும் விடை 'இல்லை'. இல்லாத விஷயத்தில் எங்கள் கட்சிகள் எப்போதுமே விட்டுக்கொடுத்துப் போகும். 'மரங்கள்' என்ற வரிக்கு எதிரே 'கட்டடங்கள் என்ற தலைப்பில் பார்க்கவும்' என்று எழுதப்பட்டது. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. யாரும் அப்போது கவனிக்கவுமில்லை.

இந்த ஆணையத்தில் உண்மையாகவே வேலை செய்தவன் ஒருவன்தான். அவன் பெயர் ரோக்கு ஸெராஃபா. உதவிச் சரிபார்ப்பு அலுவலர். எதையும் தன் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவான். 'ஆறுகள்: இல்லை' என்று எழுதுவதற்கு முன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு எல்லாப் பள்ளத்தாக்குகளிலும் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டு, சளியோடு திரும்பி வந்தவன். அப்படிப்பட்டவனைத்தான் ஜூலை மாதத்து ஒரு நாள் ஆணையத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

தலைவர், டாக்டர் கால்சிடோன் பெட்சினா. சட்டம் படித்தவர், ஆகையால் டாக்டர். எங்கள் நாட்டில் உடம்பைப் பார்ப்பவருக்கும் டாக்டர் பட்டம், வழக்கைப் பார்ப்பவருக்கும் டாக்டர் பட்டம். யாரிடம் போனாலும் பிழைப்பது நம் பாடு.

"ரோக்கு, இப்ப நம்ம நாட்டில மணி என்ன?" என்று கேட்டார் தலைவர்.

ரோக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "பதினொன்னே கால், ஐயா."

"நாடு முழுக்கவா?"

"பொதுவா நாடு முழுக்க அப்படித்தான், ஐயா."

"ஹல் ஹாரூப்ல?"

ரோக்கு சட்டைக் கையை இழுத்துக் கைக்கடிகாரத்தை மூடிக்கொண்டான். ஹல் ஹாரூப் அவன் சொந்த ஊர். இன்றும் அங்கிருந்துதான் தினமும் பஸ் ஏறி வருகிறான்.

"உங்க ஊர்க் கோயில்ல ரெண்டு கோபுரம். ரெண்டு கடிகாரம். இடது பக்கம் ஒரு மணி, வலது பக்கம் ஒரு மணி. சரிதானா?"

"பழைய கோயில்கள்ல அப்படி இருக்கறது வழக்கந்தான், ஐயா. ஒன்னு சனங்களுக்கு. இன்னொன்னு..." ரோக்கு தொண்டையைக் கனைத்தான். "இன்னொன்னு பிசாசுக்கு. பூசை எப்பன்னு தெரியாம அது குழம்பணும். ஆத்துமத்தைப் புடிக்க வர்ற நேரம் தப்பணும். அதுக்காக வெச்சது."

"இருபத்தோராம் நூற்றாண்டுல?"

"பிசாசுக்கு நூற்றாண்டெல்லாம் கணக்கில்லைன்னு பங்குச்சாமி சொல்வாரு, ஐயா."

தலைவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். கடலைப் பார்த்தபடி பேசினார். "முந்தின வருஷம் உங்க ஊர்த் திருவிழாவுல பேச வந்தேன். ஏழரைக்குப் பேச்சு. எட்டுக்கு வாத்தியம். ஒரு ஆள்கிட்ட நேரம் கேட்டேன். கோபுரத்தைக் காட்டினான். ஏழுதான் ஆகுதுன்னு கடையில உட்கார்ந்து காபி குடிச்சேன். சரியா ஏழரைக்கு மேடை ஏறி 'அன்பான'ன்னு வாயைத் திறந்தேன். வாத்தியக் கோஷ்டி உள்ள வந்துடுச்சு. போன வருஷமும் அதே கதை. என் காதுகிட்ட ஒருத்தன் குழல் ஊதினான்."

ரோக்கு தரையைப் பார்த்தான். அந்தக் குழல்காரனை அவனுக்குத் தெரியும். இருவரும் ஒரே வாத்தியச் சங்கம்.

"நம்ம 'ஒரே பக்கத்தில்' 'நேரம்'னு ஒரு வரி இருக்கு. அதுக்கு எதிர்ல 'ஒன்று'ன்னு எழுதப்போறோம். எழுதறதுக்கு முன்னாடி அது உண்மையா இருக்கணும். திருவிழாவுக்குள்ள அந்த வலது கடிகாரத்தைச் சரி பண்ணிடுங்க. பண்ணிட்டா நீங்க உதவிச் சரிபார்ப்பு அலுவலர் இல்ல. சரிபார்ப்பு இயக்குநர். மேடையில நானே அறிவிக்கிறேன்."

உண்மைக்காக ஒரு தலைவர் இவ்வளவு பாடுபடுவதைப் பார்த்து ரோக்குவின் நெஞ்சு நிறைந்துவிட்டது. இயக்குநர் என்ற சொல்லும் கொஞ்சம் நிறைத்தது.

ஹல் ஹாரூப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊர் ஒன்று, வாத்தியச் சங்கம் இரண்டு. ஒன்று புனித லியோனார்டு சங்கம். மற்றது வெண்பனி மாதா சங்கம். இந்த நாட்டில் பனி பெய்ததில்லையே, பிறகு வெண்பனி மாதா எப்படி வந்தாள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு அந்தச் சங்கத்துக் கடையில் அப்புறம் யாரும் தேநீர் ஊற்றுவதில்லை. இரண்டு சங்கங்களுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக ஒரே ஒரு சண்டை. திருவிழாவன்று எட்டு மணிக்கு யார் முதலில் வாத்தியம் முழங்கிக்கொண்டு சதுக்கத்துக்குள் நுழைவது என்பதுதான் அது. மண்டை உடைந்த காலமெல்லாம் உண்டு. கடைசியில் யாரோ ஒரு மகானுபாவர் வழி கண்டுபிடித்தார். லியோனார்டுக்காரர்கள் இடது கடிகாரத்தில் எட்டு அடிக்கும்போது முதலாவதாக நுழைவார்கள். வலது கடிகாரம் அரைமணி நேரம் பின்தங்கி ஓடும். அதில் எட்டு ஆகும்போது வெண்பனிக்காரர்கள் முதலாவதாக நுழைவார்கள். இரண்டு பேரும் முதல். இரண்டு பேரும் எட்டு மணி. அன்றோடு மண்டைகள் பிழைத்தன.

ரோக்கு லியோனார்டு சங்கத்தில் கிளாரினெட் வாசிப்பவன். அவன் மனைவி விதோர் வெண்பனி மாதா குடும்பத்துப் பெண். அவளுடைய அண்ணன் விஸ்தின்தான் அந்தச் சங்கத்தின் பெரிய முரசு. முரசு அவன் வயிற்றில் சாய்ந்திருக்கிறதா, அவன் முரசின் மேல் சாய்ந்திருக்கிறானா என்று தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு சங்கத்துக்கும் நடுவே கல்யாணம் நடந்தால் ஒரு வருஷம் தாங்காது என்று ஊர் பேசியது. ஆனால் ரோக்கு வீட்டில் சண்டையே வந்ததில்லை. காரணம் எளிது. அவன் இடது கடிகாரத்தைப் பார்த்து வாழ்ந்தான். அவள் வலது கடிகாரத்தைப் பார்த்து வாழ்ந்தாள். "நேரமாச்சே" என்று அவன் சொல்வான். "இன்னும் ஆகலையே" என்று அவள் சொல்வாள். இரண்டுமே உண்மை. எது உண்மை என்று சரிபார்க்க அந்த வீட்டில் மட்டும் அவன் ஒரு நாளும் முயன்றதில்லை.

அன்று மாலை, பட்டாணி அடைத்த பஸ்தித்சியைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

விதோர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எந்தக் கடிகாரத்தை?"

"வலதை."

"எங்க கடிகாரத்தை."

"கோயில் கடிகாரம், விதோர்."

"கோயில் யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும். வலது பக்கம் எங்களோடது. உனக்கு ஒரு கடிகாரத்தைத் திருத்தியே ஆகணும்னா உங்க இடதைத் திருத்து. அரைமணி பின்னால தள்ளு. ரெண்டும் ஒன்னாயிடும்."

"அது தப்பான நேரம்."

"இருபது வருஷமா தப்பான நேரத்துலதான் உனக்குச் சோறு போட்டேன். நீ தின்னுட்டு நல்லாத்தான இருந்த?"

"நாட்டுக்கு ஒரே நேரம் வேணும், விதோர். இயக்குநர் பதவி தர்றாங்க."

அவள் தட்டை மூடி வைத்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "நீ அந்த முள்ளைத் தொட்ட அன்னிக்கு நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். உன்னை மிரட்டறேன்னு நினைச்சுக்காத. ஒரே கடிகாரத்துல உன்னோட குடும்பம் நடத்த எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

ரோக்கு இதை மனைவியின் கோபம் என்று எடுத்துக்கொண்டான். அது வெறும் தகவல்தான். தகவல் அலுவலனுக்கு அது உறைக்கவில்லை.

மறுவாரம் அவன் ஆணையத்தின் உத்தரவோடு கோபுரத்தில் ஏறினான். பங்குச்சாமியார் ரோமுக்குப் போயிருந்தார். கோயில் சாவிகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை நார்டு மட்டும் இருந்தான். சாவிக்கொத்தைத் தேடுவதில் பாதிக் காலையைப் போக்கியவன், படி ஏறுவதில் மீதியைப் போக்கினான்.

"இந்த முள்ளை நகர்த்தினா என்ன ஆகும் தெரியுமா?" என்றான் நார்டு மூச்சு வாங்கியபடி.

"சரியான நேரம் காட்டும்."

"அதத்தான் சொல்றேன். போன மாசம் பட்டாசுக் கிடங்கைச் சோதிக்க ஒருத்தர் வந்தாரு. பத்து மணிக்கு வர்றேன்னாரு. வலதைப் பார்த்துக்கிட்டே கடையில உட்கார்ந்திருந்தாரு. அவர் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கி வெச்சுட்டோம். ஓட்டுக் கேட்டு வர்றவங்களும் அப்படித்தான். எல்லாரும் மதியத் தூக்கத்துக்குப் போனப்புறம் வந்து பூட்டின கதவைத் தட்டிட்டுப் போயிடுவாங்க. இவ்வளவு நல்ல கடிகாரம் இந்த நாட்டுல வேற எங்க இருக்கு?"

"நேரம் கேட்டா நீங்க எல்லாரும் எந்தக் கோபுரத்தைக் காட்டுவீங்க?"

"கோபுரத்தைக் காட்டுவோம். விரல் தானா வலது பக்கம் போயிடும். பழக்கம்."

ரோக்கு பின்புறத்துக் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினான். முள் கரகரவென்று முன்னே நகர்ந்தது. ஹல் ஹாரூப்பில் முதன்முறையாக நேரம் ஒன்று ஆயிற்று. வரலாற்றுச் சிறப்பு மிக்க அந்தக் கணத்தில் கீழே சதுக்கத்தில் இருந்த ஒரு நாய் மட்டும் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

அன்று மாலை ஆணையத்திலிருந்து திரும்பும்போது பஸ் தாமதமாகி ரோக்கு கால்மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தான். விதோர் வாசற்படியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

"லேட்டு," என்றாள்.

அந்தச் சொல் அந்த வீட்டில் இருபது வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ரோக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். உண்மையிலேயே லேட்டுத்தான். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது தெருவிலிருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். சிறிய நாட்டில் இது ஒரு கஷ்டம். கோபித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போனாலும் அவர்கள் வீட்டில் முயல் வறுக்கும் வாசனை நம் வீட்டு ஜன்னலுக்கு வந்துவிடும். ரோக்கு தினமும் அந்த வாசனையை வைத்துக்கொண்டு ரொட்டியும் தக்காளியும் தின்றான். இயக்குநர் ஆகப்போகிறவன் தின்ன வேண்டிய சாப்பாடு அது இல்லைதான்.

"மச்சான்," என்று ஒருநாள் தெருவில் விஸ்தின் மறித்தான். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "எட்டு மணிக்கு நாங்க நுழைவோம். எங்க கடிகாரத்துல எட்டுன்னா எட்டு. அது உங்க கடிகாரத்துலயும் எட்டா இருந்தா அது எங்க தப்பு இல்ல."

"ஒரு வருஷம் நீங்க பின்னால வந்தா என்ன?"

"உங்களை வரச் சொல்லேன்."

ரோக்கு தன் சங்கத்திலும் கேட்டுப் பார்த்தான். அங்கே அவனுடைய கிளாரினெட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

திருவிழா ஞாயிறு வந்தது. சதுக்கம் முழுவதும் விளக்குகள், வண்ணக் காகிதம், குபாய்த் மிட்டாய் விற்கும் தள்ளுவண்டிகள். சதுக்கத்துக்குள் நுழைய ஒரே வழிதான்: சாந்த்தா சந்தின் நடுவில் இருக்கும் குறுகிய வாயில். இரண்டு பேர் தோளோடு தோள் போனால் மூன்றாமவன் சுவரைத் தடவிக்கொண்டுதான் போக வேண்டும். வாத்தியங்கள் வரும் வழியும் அதுதான். ஊர் வெளியேறும் வழியும் அதுதான்.

டாக்டர் பெட்சினா வந்தார். கடையில் யாரிடமோ நேரம் கேட்டார். விரல் வழக்கம்போல வலது பக்கம் போயிற்று. ஏழரை. இடதிலும் ஏழரை. அவர் முகம் மலர்ந்ததை மேடையோரம் நின்றிருந்த ரோக்கு பார்த்தான். சரியாக ஏழரைக்கு அவர் மேடை ஏறினார். எந்த வாத்தியமும் வரவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்த ஒரு பெரிய மனிதரை ஹல் ஹாரூப் முதன்முறையாகப் பார்த்தது.

"அன்பான குடிமக்களே," என்றார். யாரும் குறுக்கிடாததில் அவருக்கே கொஞ்சம் தடுமாற்றம். "நம் நாடு சிறியது. ஆனால் உண்மை பெரியது." பிறகு ஒரே பக்கத்தையும் படித்தார். ஆறுகள் இல்லை என்றார். மலைகள் இல்லை என்றார். பனிப்பொழிவு இல்லை என்றபோது வெண்பனிக் குடும்பங்கள் உறுமின. "நேரம்: ஒன்று" என்று ரோக்குவைக் கைகாட்டினார். யாரும் கை தட்டவில்லை. சதுக்கத்தின் மறுமூலையில் விதோர் நின்றிருந்தாள். அவனைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தலைவர் வேறொரு காகிதத்தை எடுத்தார்.

"மரங்கள் என்ற வரிக்கு வருகிறேன். இந்தக் கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஹாரூப் மரத் தோப்பு இருக்கிறது. அந்த இடத்தில் பதினோரு மாடியில் அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. சட்டப்படி இதை ஊர்ப் பொதுச் சபையில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். இரண்டு வருஷமாக வாசிக்க முயன்றேன். சில ஒலித் தடங்கல்கள். இன்று முழுதாக வாசிக்கிறேன். வாசித்து முடித்த கணமே அது தீர்மானம்."

ரோக்கு கோயிலுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். அந்தத் தோப்பின் பெயர்தான் ஊரின் பெயர். கல்யாணத்துக்கு முன்னால் அவனும் விதோரும் சந்தித்துக்கொண்ட இடம் அது. ஆளுக்கொரு நேரத்துக்கு வந்து, ஒருவருக்காக ஒருவர் அரைமணி காத்திருந்த இடம். நாட்டுக்கு ஒரே நேரம் ஏன் தேவைப்பட்டது என்று இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஆறு இல்லை என்று சரிபார்க்கச் சளி பிடிக்கும் வரை நனைந்தவன், இதைச் சரிபார்க்கவே இல்லை.

அந்த நேரத்தில் இரண்டு கோபுரங்களிலும் ஒருசேர எட்டு அடித்தது.

சாந்த்தா சந்தின் மேல்முனையிலிருந்து லியோனார்டு வாத்தியம் கிளம்பியது. கீழ்முனையிலிருந்து வெண்பனி வாத்தியம் கிளம்பியது. இரண்டும் நடுவே, சதுக்கத்தின் வாயிலில் வந்து சேர்ந்தன. விஸ்தினின் பெரிய முரசும், லியோனார்டுக்காரர்களின் பெரிய குழலும் ஒரே நேரத்தில் வாயிலுக்குள் நுழைந்து, இரண்டு பக்கச் சுவர்களோடும் இறுகிச் சிக்கிக்கொண்டன. அதோடு ஒலி நின்றது. முன்னே போகவும் இடமில்லை, பின்னே போகவும் மனமில்லை.

"நகருடா."

"எட்டு ஆச்சு. நாங்க ஏன் நகரணும்?"

"எங்களுக்கும் எட்டுதான்."

"எங்க எட்டு முந்தின எட்டு."

"கோபுரத்தைப் பாருடா, எது முந்தினதுன்னு."

எல்லோரும் கோபுரத்தைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே எட்டு. வாழ்நாளில் முதன்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் சரி. ஆகவே இருவரும் சண்டைக்குத் தயார். சதுக்கத்தில் இருந்த ஊர் முழுவதும் அந்த வாயில் பக்கம் திரும்பி, அவரவர் சங்கத்துக்காகக் கத்தியது. மேடையில் தலைவர் ஒலிபெருக்கியில் நிதானமாக வாசித்துக்கொண்டே போனார். இரண்டாம் பத்தி முடிந்தது. அவர் பேச்சை மறைக்க வாத்தியம் இல்லை. அதைக் கேட்க ஆளும் இல்லை. ஆனால் சட்டத்துக்குக் கேட்க ஆள் வேண்டியதில்லை. காது எட்டும் தூரத்தில் கூட்டம் இருந்தால் போதும்.

ரோக்கு ஓடினான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு விதோரைத் தாண்டும்போது அவள் கேட்டாள்: "எங்க ஓடற? இயக்குநர் பதவி மேடையில இருக்கு."

"கடிகாரத்தைத் திருத்த."

"மறுபடியுமா? அது இப்ப சரியாத்தான ஓடுது?"

"அதான் தப்பு," என்றான் ரோக்கு.

விதோர் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வாய் பார்த்துக்கொண்டு நின்ற நார்டுவின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி அவன் கையில் திணித்தாள். "பெரிய சாவி. நாக்கு வளைஞ்சது. சீக்கிரம் போ."

ரோக்கு படிகளில் ஏறியபோது கீழே தலைவரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது: கார் நிறுத்துமிடம், தரைத்தளத்தில் கடைகள், கூரையில் நீச்சல் குளம். கைப்பிடியைப் பிடித்து எதிர்ப்பக்கமாகத் திருப்பினான். முள் முரண்டு பிடித்தது. உண்மை ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுப்புவது கஷ்டம்தான். இரண்டு கைகளாலும் தொங்கினான். கரகரவென்று முள் பின்னே நகர்ந்து, எட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் நின்றது.

கீழே முதலில் பார்த்தவள் விதோர். எப்போதும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துப் பழகியவள். "அண்ணா," என்று சதுக்கமே கேட்கும்படி கத்தினாள். "மேல பாரு. நமக்கு இன்னும் மணி ஆகல."

விஸ்தின் முரசுக்கு மேலாகத் தலையை நீட்டி வலது கோபுரத்தைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பிறகு, தேர்தலில் தோற்காமலே விலகிக்கொள்கிற மனிதனின் பெருந்தன்மையோடு தன் ஆட்களிடம் திரும்பினான்.

"பின்னால போங்கடா. நாம முன்கூட்டியே வந்துட்டோம். சீக்கிரம் வர்றது நம்ம சங்கத்துக்கு அழகில்ல. அவனுக நேரம் ஆச்சு, அவனுக போகட்டும்."

முரசு வாயிலிலிருந்து உருவிக்கொண்டு பின்வாங்கியது. லியோனார்டு வாத்தியம் அடைத்த மடை உடைந்தாற்போல் சதுக்கத்துக்குள் பாய்ந்தது. தலைவர் கடைசிப் பத்தியின் முதல் சொல்லை உச்சரித்தபோது அவர் காதோரம் ஒரு குழல் ஊதியது; போன வருஷத்துக் குழலேதான். அவர் வாய் அசைந்தது. கை அசைந்தது. காகிதமும் அசைந்தது. காதில் எதுவும் விழவில்லை. காதில் விழாத அறிவிப்பு சட்டப்படி அறிவிப்பாகாது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அந்தச் சதுக்கத்தில் யாரும் இல்லை. லியோனார்டு வாத்தியம் ஓய்ந்து அவர் மறுபடியும் தொண்டையைச் சரிசெய்தபோது வலது கடிகாரத்தில் எட்டு அடித்தது. வெண்பனி வாத்தியம் வழக்கம்போல முதலாவதாக உள்ளே வந்தது. அது ஓய்வதற்குள் சபை கலைந்துவிட்டது; அறிவிப்பு இந்த வருஷமும் முடியவில்லை.

அன்றிரவு விதோர் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அவள் சொன்ன நேரத்துக்கு அரைமணி கழித்துத்தான் வந்தாள். ரோக்கு எதுவும் கேட்கவில்லை. கண் மட்டும் கலங்கியது. "வெங்காயம்," என்றான். வீட்டில் வெங்காயமே இல்லை.

உண்மைக்கு அடுத்தபடியாக ஆணையம் போற்றுவது ஒழுக்கம். ஆகவே அடுத்த வாரமே வல்லெட்டாவில் விசாரணை வைத்தார்கள். கடல் தெரியும் மாடியில் இரண்டு கட்சி உறுப்பினர்களும் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நடுவில் டாக்டர் பெட்சினா. எதிரே ரோக்கு. தீர்ப்பை முன்பே எழுதிவைத்திருந்தார்கள்: ஃபில்ஃப்லா பாறையின் மக்கள்தொகைப் பிரிவுக்கு மாற்றம். குடியே இல்லாத அந்தப் பாறையில் ஆண்டுதோறும் போய் மக்கள் இல்லை என்று எண்ணி வர வேண்டும். இரண்டு கட்சிகளும் இதில் ஒருமனமாக இருந்தன. முன்பே சொன்னேனே, இல்லாத விஷயத்தில் எங்களுக்குள் சண்டை வராது. இருந்தாலும் கேள்வி கேட்காமல் தண்டிப்பது ஆணையத்தின் மரபு இல்லை.

"சரியான கடிகாரத்தைத் தப்பா மாத்தினது நீங்கதானே?" என்றார் தலைவர்.

"ஆமா, ஐயா."

"ஏன்?"

"அது பிசாசைக் குழப்பறதுக்கு வெச்ச கடிகாரம், ஐயா. சரியா ஓடினா அதோட வேலையை அது செய்யாது."

உறுப்பினர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீங்க சரிபார்ப்பு அலுவலர். ஆதாரம் இல்லாம ஒரு வார்த்தை எழுத மாட்டீங்கன்னு பேரு. கேக்கறேன், சொல்லுங்க. இந்தக் கடிகாரத்தால எந்தப் பிசாசாவது என்னிக்காவது குழம்பிச்சா? நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

"பார்த்தேன், ஐயா."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை. முந்தின வருஷம் ஒன்னு, போன வருஷம் ஒன்னு. கடையில உட்கார்ந்து காபி குடிச்சுட்டு நேரம் தப்பி வந்துச்சு." ரோக்கு தன் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றான். "இந்த வருஷந்தான் சரியான நேரத்துக்கு வந்துருச்சு. அது என்னோட தப்புதான், ஐயா."